கூகுள் சர்ச் கன்சோல்: ஒரு தையல் கடைக்காரியின் அனுபவம்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், தேக்காவில், சின்னதாக ஒரு பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, அதனால் இதை என்னைப் போன்ற கடைக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு நிறுவனத்திடம் (பெயர் வேண்டாம்) 2,800 வெள்ளி கொடுத்து வெப்சைட் போட்டேன். முகப்பில் நாலு படங்கள் தானாக ஓடிக்கொண்டே இருக்கும், பட்டுப்புடவை, நகை எல்லாம் பளபளவென்று. பார்க்க அழகுதான். ஆறு மாதத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் என் நாத்தனார்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் அண்ணன் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது கைப்பேசியில் திறந்து பார்த்துவிட்டு, "அத்தை, நம்பரைத் தட்டினால் கால் போகவே மாட்டேங்குது, இது வெறும் படம்" என்றான். தளம் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைப் போட்டுக் காட்டினான். பக்கத்தின் பெரிய படம் 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவு, எங்களுடையது 7 வினாடியைத் தாண்டியது.

அப்புறம்தான் சர்ச் கன்சோலைக் காட்டினான். கூகுள் தேடலில் நம் தளம் எப்படித் தெரிகிறது என்று தளத்தின் சொந்தக்காரருக்குக் காட்டும் கூகுளின் கருவி அது. இலவசம். தளம் நம்முடையது என்று நிரூபிக்க டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) அமைப்பில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும், ஐந்து நிமிட வேலை, ஆனால் டொமைன் அந்த நிறுவனத்தின் கையில் இருந்ததால் மூன்று வாரம் கெஞ்ச வேண்டியதாயிற்று. புதிதாக டாட் எஸ்ஜி என்று முடியும் சிங்கப்பூர் முகவரி வாங்குகிறவர்கள் முதல் நாளே உங்கள் பெயரில் எடுங்கள், சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாக 21 நாளுக்குள் உறுதிசெய்யச் சொல்லி மின்னஞ்சல் வரும், அதைத் தவறவிடாதீர்கள்.

சர்ச் கன்சோலில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு அட்டவணை. கூகுளில் யார் என்ன தட்டியபோது நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை முறை, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம். முகப்பில் நாங்கள் பெருமையாகப் போட்டிருந்தது 'பெஸ்போக் எத்னிக் கவுச்சர்'. அந்தப் பட்டியலில் அந்தச் சொல் ஒரு இடத்திலும் இல்லை. இருந்தது 'அர்ஜென்ட் பிளவுஸ் ஸ்டிச்சிங் லிட்டில் இந்தியா'. ஏதோ ஒரு பக்கத்தின் அடியில் 'அவசரத் தையல் உண்டு' என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தோம், அதை வைத்துத்தான் கூகுள் எங்களை 23ஆவது இடத்தில் காட்டியிருக்கிறது. அவ்வளவு தூரம் யார் உருட்டிப் பார்ப்பார்கள்?

அந்த ஒரு வரியைத் தனிப் பக்கமாக்கினோம். காலை எத்தனை மணிக்குள் துணி தர வேண்டும், எப்போது கிடைக்கும், லைனிங்கோடு என்ன விலை, எந்த எம்ஆர்டி ரயில் நிலைய வாசல், கீழே வாட்ஸ்அப் பொத்தான். ஓடுகிற படங்களை எடுத்துவிட்டோம். நாலு மாதத்தில் 8ஆவது இடம்.

குறையும் இருக்கிறது. முழுக் கணக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். மிகச் சிலரே தேடிய சொற்களை ரகசியம் கருதி மறைத்துவிடுவார்கள், அதனால் கூட்டிப் பார்த்தால் மொத்தத்தோடு ஒத்துவராது, கல்லாக் கணக்கு பார்த்துப் பழகிய எனக்கு அது எரிச்சல். சொடுக்கி உள்ளே வந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதும் இதில் தெரியாது. அதற்கு கூகுள் அனலிட்டிக்ஸ் வேண்டும், அது ஒரு காடு, நான் அதில் வாட்ஸ்அப் பொத்தானை எத்தனை பேர் தட்டினார்கள் என்பதை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

16 மாதக் கணக்கை வைத்திருப்பதால் இந்தத் தீபாவளியைப் போன தீபாவளியோடு ஒப்பிடலாம். ஆனால் சேர்த்த நாளிலிருந்துதான் கணக்கே தொடங்கும், என் முதல் தீபாவளி போனது போனதுதான்.

ஐந்துக்கு நாலரை தருவேன். போன வாரப் பட்டியலில் 'குர்தா ஆல்டரேஷன்' புதிதாக வந்திருக்கிறது. நாங்கள் ஆண்களுக்குத் தைப்பதில்லை, ஆனால் மூலையில் ஒரு மெஷின் சும்மாதான் கிடக்கிறது.