பாலிக் பூலாவ் பூங்காவின் ஊறல் திடல்: குழி தோண்டும் முன் மண்ணைப் பார்த்த குத்தகைக்காரர்

எங்கள் பூங்கா மலேசியாவின் பினாங்குத் தீவில், பாலிக் பூலாவில், மலையடிவாரத்தில் இருக்கிறது. மூன்று ஏக்கர் நிலம், நடுவில் திறந்த மண்டபம், பக்கத்தில் சமையல் கொட்டகை, எட்டு டண்டாஸ் (கழிப்பறை), நான்கு குளியலறை. பினாங்கின் தமிழ்ப்பள்ளிகள் முகாம் போட வரும், கோயில் இளைஞர்கள் வருவார்கள், டுரியான் காலத்தில் சனி ஞாயிறு என்றால் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். பொதுக் கழிவுநீர்க் குழாய் எங்கள் பக்கம் வரவில்லை. எல்லாம் செப்டிக் டேங்க்குக்குத்தான் போக வேண்டும். பதினொரு ஆண்டுகளாக இந்தப் பூங்காவின் சாவியும் முன்பதிவு நோட்டும் என்னிடம்தான் இருக்கின்றன. அதனால் அந்த டேங்க்கின் ஒவ்வொரு சங்கடமும் எனக்குத்தான் முதலில் தெரியும்.

2025 பிப்ரவரியில் டேங்க்கிலிருந்து வரும் தண்ணீர் மண்ணில் இறங்குகிற ஊறல் பகுதியை முழுதாக மாற்றிப் பெரிதாக்கினோம். ஓர் ஆண்டு ஓடிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். இப்படி ஒரு வேலையை முதல் மாதத்தில் பாராட்டுவதில் பொருளே இல்லை. ஒரு மழைக்காலம் கடந்தால்தான் உண்மை தெரியும். செய்தவர் பட்டர்வொர்த்துக்காரர், மகனும் நாலு பையன்களும் சேர்ந்து வேலை செய்கிற சின்னக் குத்தகை (ஒப்பந்த வேலை). பொதுவில் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தேவைப்பட்டால் தனியாகக் கேளுங்கள், எண் தருகிறேன்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 அக்டோபர் மழையில் டண்டாஸுக்குக் கீழ்ப்புறம் உள்ள புல்தரை கறுத்து நசநசவென்று ஆகிவிட்டது. வாடை மண்டபம் வரை வந்தது. முகாமுக்கு வந்த ஒரு சின்னப் பிள்ளையின் சப்பாத்து அதில் புதைந்தது. அன்று அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து நான் பட்ட வெட்கம் இன்னும் மறக்கவில்லை. அதற்கு நாலு வருடம் முன்பே ஒருவர் வந்து, மேலே ஒரு லோரி கல்லைக் கொட்டி மண் போட்டு மூடிவிட்டு, இனிப் பிரச்சினை இல்லை என்று பணம் வாங்கிப் போயிருந்தார். கீழே அடைத்துக்கொண்டது அடைத்தபடியே இருந்தது.

அப்போது எனக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டேங்க் மட்டும் கழிவை முழுதாகச் சுத்தம் செய்துவிடாது. கனமானது அடியில் சகதியாகத் தங்கும், எண்ணெயும் நுரையும் மேலே ஆடை மாதிரி மிதக்கும், நடுவில் இருக்கும் கலங்கல் தண்ணீர் வெளியே போகும். அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்வது மண்தான். ஓட்டை போட்ட குழாயைக் கல் நிரப்பிய வாய்க்காலில் புதைத்து, தண்ணீரை மெதுவாக மண்ணில் ஊற விடுவார்கள். குத்தகைக்காரர் அதை டிரெயின் ஃபீல்ட் என்றார். எங்கள் பையன்கள் வைத்த பெயர் ஊறல் திடல். வாய்க்காலின் அடியில் நாளாக ஆகக் கறுப்பாக ஒரு வழுவழுப்பான படலம் பிடிக்கும். கொஞ்சமாக இருந்தால் அதுவே வடிகட்டி. டேங்க்கிலிருந்து சகதியும் எண்ணெயும் தப்பி வந்தால் அது தடித்து, தண்ணீரை இறங்க விடாது.

மூன்று பேரிடம் விலை கேட்டோம். முதல் ஆள் காரை விட்டு இறங்காமலே ஒரு தொகை சொன்னார். இரண்டாமவர், டேங்க்கின் வெளிக்குழாயைப் பின்னால் இருக்கும் லொங்காங்கில் (வடிகாலில்) விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது என்றார். அந்த லொங்காங் ஓடையில் சேர்ந்து, ஓடை மீனவர் கம்பத்து (கிராமத்து) வழியாகக் கடலுக்குப் போகிறது. அவரை அதோடு அனுப்பிவிட்டேன்.

மூன்றாவதாக வந்தவர்தான் இவர். விலையே சொல்லவில்லை. முதலில் முன்பதிவு நோட்டைக் கேட்டார்.

"தங்கச்சி, சாதாரண நாள்ல எத்தனை பேர் வர்றாங்கன்னு எனக்கு வேணாம். ரொம்பக் கூட்டமான நாள்ல எத்தனை பேர்? அதுக்கு அடுத்த நாள் எத்தனை பேர்?"

நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். டுரியான் காலத்து சனி ஞாயிறில் தலா 180 பேர். மலேசியாவில் வீட்டில் இருக்கும் ஒருவருக்கு நாளைக்கு 225 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். பகலில் வந்து போகிறவருக்கு அவ்வளவு வராது. இவர் 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டார். 180 பேருக்கு 2,700 லிட்டர். எங்கள் பழைய திடலில் 12 மீட்டர் நீளத்தில் இரண்டே வாய்க்கால்கள், அதுவும் களிமண்ணில். அது குடிக்கக்கூடியது நல்ல நாளிலும் 350 லிட்டர்தான் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடம் அது தாங்கியதே பெரிது.

அடுத்த கேள்வி: "அண்டாவை யாரு கழுவறாங்க, எங்க கழுவறாங்க?" சமையல் கொட்டகையின் தண்ணீரும் அதே டேங்க்குக்குத்தான் போகிறது என்றேன். இருநூறு பேருக்குக் கோழிக்கறி வைத்த அண்டாவையும் வடை சுட்ட சட்டியையும் அங்கேதான் கழுவுவோம். அவர் தலையை ஆட்டிவிட்டு டேங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டார். மேலே மிதந்த ஆடை ஒரு சாண் கனம். டேங்க்கின் வெளிவாயில் இருக்க வேண்டிய டி-குழாய் உடைந்து விழுந்திருந்தது. அது இல்லாவிட்டால் மேலே மிதக்கும் எண்ணெய் நேராகத் திடலுக்குப் போய்விடும்.

அப்புறம் மண். இதற்காகவே இரண்டு நாள் வந்தார். பூங்காவில் ஐந்து இடங்களில், ஊறல் வாய்க்கால் எவ்வளவு ஆழம் வருமோ அவ்வளவு ஆழத்துக்குக் கையால் குழி தோண்டி, முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் நிரப்பி ஊற விட்டார். மறுநாள் காலையில் திரும்ப ஊற்றி, ஆணி அடித்த ஒரு கட்டையில் கோடு போட்டு, தண்ணீர் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தார். கீழ்ப்புறம், பழைய திடல் பக்கம், இரண்டு மணி நேரமாகியும் தண்ணீர் அசையவே இல்லை. மேல்புறச் சரிவில், சிவப்பும் மணலுமாக இருக்கும் இடத்தில், 25 மில்லிமீட்டர் இறங்க 20 நிமிடம் ஆனது. பினாங்குத் தீவின் மலையெல்லாம் கருங்கல், அது மக்கி உதிர்ந்த மண் இது, தண்ணீர் இறங்கும் என்றார்.

ஆள் உயரத்துக்கு ஒரு குழியும் தோண்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மேலிருந்து ஒரே சிவப்பு. கிட்டத்தட்ட 1.4 மீட்டர் ஆழத்தில் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. "இந்தச் சாம்பல் இருக்குற இடம் வரைக்கும் மழைக்காலத்துல தண்ணி ஏறி நிக்கும். இப்ப காஞ்சிருக்கேன்னு ஏமாறக்கூடாது." வாய்க்காலின் அடிக்கும் அந்தச் சாம்பல் திட்டுக்கும் நடுவே முக்கால் மீட்டராவது காய்ந்த மண் வேண்டும், அங்கேதான் கிருமி சாகும் என்று விளக்கினார். இத்தனை வருடம் நான் நடந்து போன மண் அது. அன்றுதான் முதன்முறையாக அதைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் விலையும் வரைபடமும் வந்தன. புதுத் திடல் மேல்புறச் சரிவில், 18 மீட்டர் நீளத்தில் ஆறு வாய்க்கால்கள், அகலம் 60 சென்டிமீட்டர். மொத்தம் சுமார் 65 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு நாளைக்கு 24 லிட்டர் என்று வைத்தால் 1,500 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். சனிக்கிழமை 2,700 லிட்டர் வருமே என்று கேட்டேன். அதற்குத்தான் 4,000 லிட்டரில் இன்னொரு டேங்க். கூட்ட நாளின் தண்ணீர் அதில் காத்திருக்கும். மோட்டார் நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை 250 லிட்டர் மட்டும் மேலே அனுப்பும். சனி ஞாயிறு மிச்சம் செவ்வாய்க்குள் தீர்ந்துவிடும். டேங்க் நிரம்பப் பார்த்தால் சிவப்பு விளக்கு எரியும், மணி அடிக்கும். சமையல் கொட்டகைக்குத் தனியாக ஒரு எண்ணெய்த் தொட்டி. நான் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தேன், கணக்கு சரியாக வந்தது.

வேலை தொடங்கும் முன் கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டரின் லோரி வந்து பழைய டேங்க்கை உறிஞ்சிக் காலி செய்தது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டியதை நாங்கள் தள்ளிப் போட்டிருந்தோம். இதையும் உரிமம் உள்ளவர்கள்தான் செய்ய வேண்டும். குறைந்த விலைக்கு வந்து உறிஞ்சி எங்கேயோ கொட்டுகிறவர்களைக் கூப்பிடாதீர்கள்.

பிப்ரவரி முதல் வாரம் தோண்டத் தொடங்கினார்கள். 11ஆம் தேதி தைப்பூசம். பையன்களில் இருவர் தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவர்கள், மூன்று நாள் வேலை நின்றது. அது முன்பே பேசியதுதான். திரும்பி வந்த அன்று இரவு நல்ல மழை. மறுநாள் காலை பேக்ஹோ (மண் தோண்டும் இயந்திரம்) நிற்கிறது, ஆள் நிற்கிறது, வெயிலும் அடிக்கிறது, குத்தகைக்கார அண்ணன் மட்டும் வேலையைத் தொடங்கவில்லை. வாய்க்கால் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினார். அது பென்சில் கனத்துக்குக் கயிறு மாதிரி நீண்டது, உடையவில்லை. "கயிறா வந்தா தோண்டக்கூடாது. வாளி பட்ட இடமெல்லாம் சிமெண்ட் பூசுன மாதிரி ஆயிடும், அப்புறம் தண்ணி இறங்காது." நாலு நாள் காத்திருந்தோம். பூட்டிக் கிடந்த டண்டாஸுக்குப் பதிலாக வாடகைக்கு எடுத்த இரண்டு தற்காலிகக் கழிப்பறைகளுக்கு நாள் வாடகை ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது, சொல்லவும் செய்தேன். அவர் கோபப்படவில்லை. ஐந்தாம் நாள் அதே மாதிரி உருட்டினார், மண் துண்டு துண்டாக உடைந்தது. அன்றே தோண்டினார்கள். அதன் பிறகும் பையன்கள் வாய்க்கால் சுவரையும் அடியையும் கைவாரியால் கீறிவிட்டார்கள்.

கல் வந்த அன்றும் ஒன்று நடந்தது. ஒரு கை கல்லைத் தண்ணீர் போத்தலில் போட்டுக் குலுக்கிப் பார்த்தார். தண்ணீர் தேத்தாரே (பால் தேநீர்) மாதிரி ஆகிவிட்டது. அந்தத் தூசி அடியில் போய்ப் படிந்தால் புதுத் திடலும் பழைய திடல்தான். லோரியைத் திருப்பி அனுப்பி, கழுவிய கல் வரும் வரை நின்றார்.

கடைசி நாள் நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆறு வாய்க்கால்களுக்கும் தண்ணீரைப் பிரிக்கும் ஒரு சிறிய கான்கிரீட் பெட்டி. மூடும் முன் அதில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆறு வாயிலும் ஒரே அளவு தண்ணீர் போக வேண்டும். மூன்றாவது வாயில் கொஞ்சம் அதிகம். வாயில் மாட்டியிருந்த சுழலும் மூடியை ஒரு விரல் அளவு திருப்பினார். திரும்ப ஊற்றச் சொன்னார். இப்படி ஒன்பது முறை. ஒரு வாய் மட்டும் அதிகம் குடித்தால் அந்த வாய்க்கால் முதலில் சாகும், பிறகு அடுத்தது, என்றார்.

குறைகளும் உண்டு. டண்டாஸ் பத்து நாள் மூடியிருக்கும் என்றார். பத்தொன்பது நாள் ஆனது. மழையை விட்டாலும் நாலைந்து நாள் அவர் பக்கத்துத் தாமதம். மோட்டாருக்கான மின்கம்பி விலைப்பட்டியலில் இல்லை, திரும்பப் புல் பதிப்பதும் இல்லை. இரண்டையும் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். குழாய் எங்கே போகிறது என்ற இறுதி வரைபடத்தை மூன்று முறை கேட்டுத்தான் வாங்கினேன். நாளைக்கு யாராவது அங்கே பந்தல்கால் நட்டால் குழாய் உடையும், அதனால் அந்தத் தாள் இல்லாமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

செலவு: பேசியது 48,700 வெள்ளி (ரிங்கிட்), மின்கம்பிக்கு 3,200, புல்லுக்கு 1,900. ஆக 53,800. பூங்காவை நடத்தும் எங்கள் சங்கத்துக்கு இது பெரிய பணம், இரண்டு வருட விருந்து வசூல் இதில் போனது. காரிலிருந்து இறங்காதவர் கேட்டது இதில் பாதிகூட இல்லை.

2025 டுரியான் காலத்தில் ஒரு ஞாயிறு 190 பேர் வந்தார்கள். சாயங்காலம் போய்த் தண்ணீர் மட்டம் காட்டும் மீட்டரைப் பார்த்தேன், இரண்டாம் டேங்க்கில் பாதிக்குமேல் தண்ணீர். மணி அடிக்கவில்லை. செவ்வாய் காலை இறங்கியிருந்தது. அக்டோபர் மழையில் தினமும் காலையில் சரிவில் ஏறிப் போய்ப் புல்லில் உட்கார்ந்து பார்ப்பேன். ஈரம் இருந்தது, மழை ஈரம். வாடை இல்லை. ஒவ்வொரு வாய்க்காலின் முனையிலும் மூடி போட்ட ஒரு குழாய் நிற்கிறது, திறந்து குச்சி விட்டால் உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று தெரியும். நவம்பர் கடைசியில்கூட நாலு விரல்கடைக்கு மேல் இல்லை.

திடலைச் சுற்றிக் கயிறு கட்டி, கார் ஏற்றக்கூடாது என்று தமிழிலும் மலாயிலும் பலகை வைத்திருக்கிறோம். ஓரத்தில் இருந்த ரம்புத்தான் மரத்தை வேர் வரும் என்று வெட்டச் சொன்னார். அப்பா நட்ட மரம். வெட்டினோம், அதன் கன்று ஒன்றை மண்டபத்துக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிறேன். எண்ணெய்த் தொட்டியை மாதம் ஒரு முறை நானே வழித்து எடுக்கிறேன். டேங்க் உறிஞ்ச அடுத்த முறை 2028 பிப்ரவரி. நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.