சுகர் மருந்து: ஸ்டான்லியா, முதல்வர் மருந்தகமா, தெருமுனை மெடிக்கலா?

வட சென்னையில் வண்ணாரப்பேட்டை, காசிமேடு, தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு சுகர், பிரஷர் மருந்து வாங்க மூன்று வழி உண்டு. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காசே இல்லை. 2025 பிப்ரவரி 24-ல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும், அதற்கு முன்பே இருக்கும் மக்கள் மருந்தகத்திலும் ஜெனரிக் மருந்து மலிவு. தெருமுனை மெடிக்கலில் செலவு கூடுதல்.

மாத்திரைக்கு முதல் இரண்டுமே போதும். அரசு மாத்திரைக்கு ‘பவர் கம்மி’ என்பது வீண் பயம். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் எங்கே வாங்கினாலும் மெட்ஃபார்மின்தான். அட்டையில் மருந்தின் பெயர், மில்லிகிராம், பக்கத்தில் ‘எஸ்.ஆர்.’ உண்டா என்ற மூன்றையும் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். எஸ்.ஆர். மாத்திரை மெதுவாகக் கரைய வேண்டியது. அதைப் பொடித்துப் போட்டால் மருந்து மொத்தமாக இறங்கிவிடும்.

இன்சுலினுக்கு மட்டும் நாங்கள் தெருமுனை மெடிக்கலையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வோம். காலை ஓ.பி. வரிசை நீளும்போது ஊசி போடக் கற்றுத்தர எந்த மருந்தாளுநருக்கும் நேரம் இருக்காது. மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள் மெடிக்கலில் கூட்டம் குறைவு. அப்போது பாட்டிலையும் சிரிஞ்சையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். சிவப்பு மூடி சிரிஞ்சு, மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலுக்கு. ஆரஞ்சு மூடி, 100 யூனிட்டுக்கு. இன்சுலின் பேனா உடைந்துவிட்டதென்று அதன் 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 50 யூனிட். உயிருக்கே ஆபத்து.

மில்லிக்கு 40 யூனிட் உள்ள 10 மில்லி பாட்டிலில் மொத்தம் 400 யூனிட். நாளுக்கு 10 யூனிட் போடுபவருக்கு 40 நாள் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். பெரும்பாலான பாட்டில்களைத் திறந்த 28-ஆம் நாளோடு நிறுத்த வேண்டும். திறந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதிவிடுங்கள்.

மெடிக்கலைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்வி. பதிவு பெற்ற மருந்தாளுநர் எந்த நேரம் இருப்பார்? ராத்திரி ஷட்டர் இறக்கும்போது மெயினை அணைக்கிறீர்களா? அணைத்தால் பிரிட்ஜும் நின்றுபோகும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து விடிய விடியச் சூடேறும், பார்த்தால் தெரியாது. சென்னை வெயிலில் இதைக் கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

காசிமேட்டிலிருந்து பல நாள் தங்கலுக்குப் போகும் போட்டில் ஐஸுக்குக் குறைவில்லை, ஆனால் பாட்டிலை ஐஸ் மேல் நேராக வைத்தால் உறைந்துவிடும். உறைந்தது உருகினாலும் உதவாது. துணி சுற்றி, டப்பாவில் போட்டு, ஐஸ் தொடாமல் வையுங்கள்.

வீடு தேடி மாத்திரை வேண்டுமென்றால் 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. நடக்க முடியாத பெரியவர்களுக்கு இதுதான் முதல் வழி.

இரண்டு இடத்தில் வாங்குபவர்களிடம் அடிக்கடி நடப்பது இது: ஸ்டான்லியில் ‘கிளிமிபிரைடு’ என்று அச்சிட்ட சுகர் மாத்திரை அட்டை, மெடிக்கலில் அதே மருந்து கம்பெனிப் பெயரில். வேறு வேறு மருந்தென்று இரண்டையும் விழுங்கி, வியர்த்து, கை நடுங்கி லோ சுகரில் விழுகிறார்கள். நினைவு இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். தெளிந்தாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும், இந்த மாத்திரையின் வேகம் பல மணி நேரம் நிற்கும். போகும்போது வீட்டிலிருக்கும் அட்டைகள் மொத்தத்தையும் ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.