ஊதுற மிஷின் இல்லை, உறிஞ்சுற மிஷின்

பக்கவாதம் வந்த அப்பாவுக்காக, மூச்சுப் பயிற்சி செய்கிற ஸ்பைரோமீட்டர் ஒன்றை குன்னூர் மார்க்கெட் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் 340 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மூன்று குழாய், மூன்று பந்து, ஒரு நெளி பைப், வாயில் வைக்க ஒரு முனை, அவ்வளவுதான் பொருள். கடைக்காரர் "பந்து ஊதுற மிஷின்தானே" என்று எடுத்துக் கொடுத்தார், நானும் அப்படியே சொல்லி அப்பா கையில் கொடுத்தேன். நாலு நாள் மனிதர் ஊதினார். ஒரு பந்துகூட அசையவில்லை. ஐந்தாம் நாள் கருவியைத் தள்ளி வைத்துவிட்டு "என் நுரையீரல் போச்சுடா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஊதினால் பந்து ஏறாது. உறிஞ்சினால்தான் ஏறும். பெட்டிக்குள் இங்கிலீஷில் ஒரு தாள் இருந்தது, எழுத்து எறும்பு சைஸ், யார் படிக்கிறார்கள்? கோவிட் நேரத்தில் எல்லோரும் இதை வாங்கினார்களே, அவர்களில் எத்தனை பேர் என்னைப் போலவே ஊத வைத்தார்களோ.

அப்பாவுக்கு வயது 68, முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டியவர். பக்கவாதத்தில் இடது கை, கால் விழுந்து, வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. கோயம்புத்தூரில் 12 நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் எங்கள் கவனமெல்லாம் கையும் காலும்தான். மூச்சுப் பயிற்சி என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி இருந்தது, அது சளி பிடித்தவர்களுக்கு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்த பிசியோதெரபிஸ்ட் தம்பிதான் புரிய வைத்தார். கை, கால் மாதிரியே அந்தப் பக்கத்து நெஞ்சுத் தசையும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சை இழுக்கிற உதரவிதானத் தசையும் பலம் இழக்கலாம், மூச்சு மேலோட்டமாகவே போகும், இருமல் வலுவாக வராது. விழுங்குவதிலும் தடுமாற்றம் இருந்தால் சாப்பாடு, எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா ஆகிவிடும். பக்கவாதம் வந்தவர்களைப் பின்னால் சாய்ப்பது பல சமயம் அந்த நிமோனியாதான். அப்பாவின் இருமல் அப்போது பூனை தும்முவது போலத்தான் இருந்தது. (டீயைக்கூடக் கஞ்சிப் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். தேயிலைக் காட்டிலேயே வாழ்ந்த மனிதருக்கு அது பக்கவாதத்தைவிடப் பெரிய அவமானம்.)

தம்பி கருவியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, ஊதுனீங்களா?" அப்புறம் அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, இடது கைக்குக் கீழே தலையணை கொடுத்து, "இளநியை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவீங்கல்ல, அப்படி, மெதுவா" என்றார். அப்போதும் பந்து ஏறவில்லை, கோணின வாய் ஓரமாகக் காற்று கசிந்தது. அந்த ஓரத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தார். முதல் பந்து துள்ளி ஏறியது. அப்பா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குழாய்கள் மேல் 600, 900, 1200 என்று போட்டிருக்கும். வினாடிக்கு அத்தனை மில்லி வேகத்தில் காற்றை இழுத்தால் அந்தந்தப் பந்து ஏறும் என்று அர்த்தம். அதாவது இது அளப்பது வேகத்தை, உள்ளே போன காற்றின் அளவை இல்லை. வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தால் மூன்று பந்தும் டக்கென்று ஏறி டக்கென்று விழும், நுரையீரலுக்கு ஒன்றும் கிடைக்காது. முதல் பந்தை மட்டும் மூன்று வினாடி மேலேயே நிறுத்துவதுதான் கஷ்டம், அதுதான் பயிற்சியும். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் "மாமா, மூணையும் ஏத்துங்க பார்ப்போம்" என்று சர்க்கஸ் காட்டச் சொல்வார்கள், விடாதீர்கள். எங்களுக்குச் சொன்னது ஒரு தடவைக்குப் பத்து மூச்சு, நடுநடுவே ஓய்வு, தலை சுற்றினால் உடனே நிறுத்தம், சாப்பிட்டவுடன் கூடாது, மூச்சை அடக்கி முக்கவே கூடாது, பிரஷர் ஏறும். டிவியில் பார்த்துவிட்டு, வெடுக்வெடுக்கென்று மூச்சை வெளியே தள்ளுகிற கபாலபாதி யோகா செய்யலாமா என்று சித்தப்பா கேட்டார், தம்பி கையெடுத்துக் கும்பிட்டார்.

தரத்துக்கு ஐந்தில் மூன்று கொடுப்பேன். பைப் சேரும் இடம் லூஸ், ஒரு மாதத்தில் காற்று கசிந்து பந்து சோம்பேறி ஆகிவிட்டது, டேப் சுற்றினேன். நம் ஊர் மூடுபனி மாதத்தில் குழாய்க்குள் ஈரம் கோத்துப் பந்து ஒட்டிக்கொள்ளும், கவிழ்த்து வைத்துக் காய விட வேண்டும். வாய் முனையைத் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். முனை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டதற்கு, வாங்கின கடையிலேயே புது மிஷின் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். இது என்ன வியாபாரமோ.

வீட்டுக்கு வந்த பிசியோவுக்கு ஒரு தடவைக்கு 500 ரூபாய், வாரம் மூன்று நாள். ஓட்டுப்பட்டறைக்கு மேலே ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு 60 படி இறங்க வேண்டும், அந்தத் தம்பி ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ஐப்பசி மழையில் நாலு நாள் வரவில்லை, போனும் எடுக்கவில்லை, அந்தக் கோபம் எனக்கு உண்டு. ஆனால் மூச்சு என்றால் பந்து மட்டும் இல்லை என்று காட்டியது அவர்தான். வயிற்றில் கை வைத்து, கை மேலே எழும்புகிற மாதிரி மூக்கால் இழுத்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைக்கிற மாதிரி உதட்டைக் குவித்து விடுவது, கண்ணாடியில் ஆவி படிய "ஹா" என்று விட்டுச் சளியைக் கிளப்புவது, ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது என்று பார்ப்பது. முதல் நாள் அப்பா ஆறு வரை எண்ணினார். ஏழாவது வாரம் பதினேழு. ஸ்பிரிங் வால்வு வைத்த இன்னொரு கருவியும் கொண்டுவந்தார். 9 முதல் 41 வரை இறுக்கம் வைக்கலாம், வைத்த அளவுக்குப் பலமாக இழுக்காவிட்டால் வால்வு திறக்காது, ஏமாற்ற வழியில்லை. விலை ஆயிரங்களில், நாங்கள் வாங்கவில்லை. காசு முடியாதவர்கள் மக்களைத் தேடி மருத்துவம் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவது அதில் உண்டு. எனக்கு இது தெரிந்தபோது ஏற்கெனவே பாதிப் பணம் கரைந்திருந்தது.

மலையில் இருப்பவர்களுக்கு ஒன்று. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கிற ஆக்சிமீட்டர், கோயம்புத்தூரில் 98 காட்டியது, வீட்டில் 94 காட்டியதும் வீடே கலவரமாகிவிட்டது. குன்னூர் 1,850 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம்தான், சில புள்ளி குறைவது இயல்பு என்று டாக்டர் சொன்னார். எங்கள் வீட்டுக்கு எந்த எண்ணுக்குக் கீழே போனால் போன் செய்ய வேண்டும் என்றும் எழுதித் தந்தார், நீங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு விடியற்காலை 89 காட்டியது. கை ஐஸாக இருந்தது, தேய்த்துச் சூடாக்கி வைத்தால் 95. குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைக்கிற பழக்கத்தையும் அதோடு நிறுத்தினோம். கதவைச் சாத்திக்கொண்டு அந்த வாயுவை நல்ல நெஞ்சே தாங்காது.

போன வாரம் கீழ்வீட்டு அக்கா தன் மாமியாருக்காக எங்கள் கருவியை இரவல் கேட்டார். ஒருவர் வாயில் வைத்ததைக் கொடுக்க முடியாது, புதிது வாங்கச் சொன்னேன். வாங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்து பிரித்தார்கள். உள்ளேயிருந்து அப்பா, வார்த்தை இன்னும் கொஞ்சம் குழறினாலும் ஒரே மூச்சில், "ஊதிராதீங்கம்மா" என்று கத்தினார்.