சிரிஞ்ச் பம்பா, மின்புலமா? சிப்புக்குள் திரவத்தை எதை வைத்து ஓட்டுவது

முடி அளவு மெல்லிய வாய்க்கால்கள் செதுக்கிய சிறு சிப்புக்குள் திரவத்தை ஓட்டுவது என் வேலை. மோட்டாரால் சிரிஞ்சை மெல்லத் தள்ளும் சிரிஞ்ச் பம்போடு இரண்டு வருடம் மல்லுக்கட்டிவிட்டுத்தான் கண்ணாடிச் சிப்புக்கும் உயர் மின்னழுத்த சப்ளைக்கும் மாறினேன். அதனால் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள், நான் மின்புலத்தின் பக்கம்.

சிரிஞ்ச் பம்பின் நல்ல பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். உப்புக் கரைசலோ எண்ணெயோ, எதைக் கொடுத்தாலும் தள்ளும், சுவர் என்ன பொருள் என்று கேட்காது. ஆனால் மோட்டார் ஒவ்வொரு படியாக நகர்வதால் குறைந்த வேகத்தில் ஓட்டம் துடிக்கும். வேகத்தை மாற்றினால் குழாய் விரிந்து சுருங்கி அடங்கச் சில நிமிடங்கள் போய்விடும். வாய்க்காலின் ஆழத்தைப் பாதியாக்கினால் அதே ஓட்டத்துக்குக் கிட்டத்தட்ட எட்டு மடங்கு அழுத்தம் வேண்டும், அப்புறம் மூட்டுகளில் கசிவு.

மின்புலத்தில் கதையே வேறு. தண்ணீர் பட்ட கண்ணாடிச் சுவர் எதிர்மின்னூட்டம் ஏற்கும், அதை ஒட்டி நேர் அயனிகள் மெல்லிய படலமாகச் சேரும். 1 மில்லிமோலார் என்ற மிக நீர்த்த உப்புக் கரைசலில் அந்தப் படலம் சுமார் 10 நானோமீட்டர்தான். நீளவாக்கில் மின்புலம் கொடுத்தால் படலம் நகரும், அது மொத்தத் திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகும். ரூஸ் என்ற விஞ்ஞானி மாஸ்கோவில் 1809-லேயே களிமண்ணில் பார்த்த எலக்ட்ரோ ஆஸ்மோசிஸ் இதுதான். சென்டிமீட்டருக்கு 100 வோல்ட் கொடுத்தால் நொடிக்கு அரை மில்லிமீட்டர் அளவில் ஓடும், வாய்க்கால் 20 மைக்ரானோ 100 மைக்ரானோ, வேகம் அதேதான். அழுத்தத்தில் நடு முந்தி ஓரம் பிந்தி வில்லாக வளையும் சாயப் பட்டை, இங்கே நேர்க்கோடாகப் போகும். வாய்க்கால் முனைகளில் திரவம் நிற்கும் நான்கு கிணறுகளின் வோல்டேஜை மாற்றி மாற்றிக் கொடுத்தே, வால்வு எதுவும் இல்லாமல், குறுக்குச் சந்தியில் துளி அளவு மாதிரியை வெட்டி அனுப்பலாம். எனக்கு இது ஒன்றே போதுமாக இருந்தது.

சரி, இப்போது பராமரிப்பு. வாங்குவதற்கு முன் யாரும் சரியாகச் சொல்லாத விஷயம் இது: இங்கே சுவர்தான் பம்ப். சுவர் அழுக்கானால் பம்ப் கெட்டது என்று அர்த்தம். புரதம் ஒட்டினால் வேகம் இறங்கும். பிளாஸ்மா (மின்னேற்றிய வாயு) காட்டி மேற்பரப்பை மாற்றிய பிடிஎம்எஸ் (சிலிக்கோன் ரப்பர்) சிப் முதல் நாள் அருமையாக ஓடும், நாளாக ஆக மேற்பரப்பு பழைய நிலைக்குத் திரும்பி ஓட்டம் மாறும். அதனால்தான் கண்ணாடிக்குப் போனேன். அதை சோடியம் ஹைட்ராக்சைடால் கழுவி, தண்ணீர், பஃபர் (பிஎச்சை, அதாவது அமில-காரத் தன்மையை, நிலையாக வைக்கும் கரைசல்) என்று விட்டால் மறுபடி பழைய வேகம் வரும். எலக்ட்ரோடுகளில் தண்ணீர் பிரிவதால் கிணற்றில் பிஎச் நகரும், பஃபரை அடிக்கடி மாற்ற வேண்டும்.

ஒரு வாரம் எனக்கு வேகம் காலையில் சரியாக இருந்து, மணிக்கு மணி குறைந்துகொண்டே வந்தது. சுவர்தான் காரணம் என்று கழுவிக் கழுவி அலுத்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் கிணற்று மட்டம்! 50 மைக்ரான் ஆழம், 200 மைக்ரான் அகலம், 4 சென்டிமீட்டர் நீளம் உள்ள வாய்க்காலில், இரண்டு கிணறுகளுக்கும் 1 மில்லிமீட்டர் மட்ட வித்தியாசம் இருந்தாலே நொடிக்குச் சுமார் 45 மைக்ரான் எதிரோட்டம், அதாவது ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. 5 மில்லிமீட்டர் அகலக் கிணறு என்றால் ஒரு மணி நேரத்தில் மின்புலம் தானே ஒரு பக்கம் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் இறக்கி, மறுபக்கம் அதே அளவு ஏற்றிவிடும். தனக்குத் தானே குழி வெட்டிக்கொள்கிறது. அகலமான கிணறு வைத்தேன், அரை மணிக்கு ஒருமுறை மட்டம் சரிசெய்கிறேன், தொல்லை விட்டது.

உப்பு அதிகமானால் மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள். உடலியல் உப்புக் கரைசலின் மின்கடத்துத்திறன் 1 மில்லிமோலார் கரைசலைப் போல சுமார் நூறு மடங்கு, மின்னோட்டமும் வெப்பமும் அதே கணக்கில் ஏறும், குமிழி வந்து வாய்க்காலை அடைக்கும். செல்களோடு வேலை என்றால் நானே பழைய சிரிஞ்ச் பம்பைத்தான் எடுப்பேன்.

மாறுமின்னோட்ட எலக்ட்ரோ ஆஸ்மோசிஸ் என்று மூன்றாவது வழியும் உண்டு. சில வோல்ட்டிலேயே வேலை நடக்கும், மின்பகுப்புத் தொல்லையும் குறைவு. இரவல் சிப்பில் நாலைந்து நாள்தான் ஓட்டிப் பார்த்தேன். நீர்த்த கரைசலில் நன்றாகச் சுழற்றியது, உப்பு கூட்டியதும் சோர்ந்துவிட்டது. அவ்வளவு அனுபவத்தை வைத்து அதற்கு மார்க் போடுவது நியாயமில்லை.