தொட்லகொண்டா: கடலைப் பார்த்தபடி ஒரு தொட்டிக் குன்று

விசாகப்பட்டினத்திலிருந்து பீமுனிப்பட்டினம் செல்லும் கடற்கரைச் சாலையில், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், இடப்பக்கம் எழும் குன்றின் உச்சியில் தொட்லகொண்டா பௌத்த வளாகம் அமைந்துள்ளது. நகரத்தவர் பலருக்கு இது காற்று வாங்கவும் படம் எடுக்கவும் ஏற்ற ஒரு மலைப்பூங்கா. நானும் அப்படி நினைத்துத்தான் போனேன். ஆனால் திரும்பி வந்த பிறகு கடற்காட்சியைவிட, பாறையில் வெட்டப்பட்ட தண்ணீர்த் தொட்டிகளே மனத்தில் தங்கிவிட்டன.

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. தெலுங்கில் கொண்டா என்றால் குன்று. அதற்கு முன்னால் நிற்பது நாம் நன்கறிந்த தொட்டிதான். அருகில் இன்னொரு பௌத்தக் குன்று உண்டு, அதன் பெயர் பாவிகொண்டா. தமிழர் இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. அங்கே பாவி என்பது கிணறு, நம் செய்யுள்களில் வரும் வாவியின் உறவுக்காரச் சொல்.

குன்றின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 128 மீட்டர். மேலே வரை தார்ச்சாலை இருந்தும், நான் அமர்த்திய ஆட்டோவின் ஓட்டுநர் பேசிய கூலியை வாங்கிக்கொண்டு அடிவாரத்திலேயே இறக்கிவிட்டார். அந்த ஏற்றத்தைப் பத்து மணி வெயிலில் நடந்தே கடந்ததால்தான், இம்மலையில் தண்ணீர் எவ்வளவு பெரிய கவலையாக இருந்திருக்கும் என்பது எனக்கு உறைத்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1976இல் கடற்படைத் தளம் ஒன்றை அமைக்க இந்தியக் கடற்படை இப்பகுதியை அளந்தபோதுதான் இங்குள்ள இடிபாடுகள் கண்ணில் பட்டன. பின்னர் 1988 முதல் ஆந்திர மாநிலத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் மகாஸ்தூபம், நேர்த்திக்கடனாக எழுப்பப்பட்ட சிறு ஸ்தூபங்கள், சைத்தியங்கள் எனும் வழிபாட்டுக்கூடங்கள், துறவியர் தங்கிய விகாரை அறைகள், உணவுக்கூடம் ஆகியவை வெளிப்பட்டன. பிராமி எழுத்துப் பொறிப்புகளோடு, சாதவாகனரின் ஈயக் காசுகளும் ரோமானிய வெள்ளிக் காசுகளும் கிடைத்துள்ளன. கொங்கு நாட்டுப் புதையல்களில் ரோமானிய வெள்ளிக் காசுகளைக் கண்டு பழகிய நமக்கு, அதே கடல் வணிகத்தின் கை இந்த மடாலயம் வரையிலும் நீண்டிருப்பது வியப்பாக இராது, மகிழ்ச்சியாகவே இருக்கும்.

இப்போது தொட்டிகளுக்கு வருகிறேன். இங்கு ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. பெய்கிற மழையைப் பிடித்து வைத்தால்தான் ஆண்டு முழுவதும் தாகம் தீரும். ஆகவே பாறையில் இயல்பாகவே பள்ளமாக இருந்த இடங்களை உளியால் ஆழப்படுத்தித் தொட்டிகளாக்கியிருக்கிறார்கள். ஒரு தொட்டியின் விளிம்பில் அமர்ந்து உற்றுப் பார்த்தேன். பாசி படிந்த நீர் அசையாமல் நிற்கிறது. நீருக்கு மேல் தெரியும் பாறைச் சுவரில் உளி பட்ட தழும்புகள் சாய்வாக இறங்குகின்றன. ஒரு தும்பி அதன்மேல் மீண்டும் மீண்டும் வந்து அமர்கிறது. மழைக்காலத்தின் மூன்று மாதங்களில் ஊர் ஊராகத் திரியாமல் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது பௌத்தத் துறவியர்க்கான விதி. அந்த மாதங்களில் தம் கண்ணெதிரே இத்தொட்டிகள் நிறைவதை அவர்கள் இந்த அறைகளின் வாசலில் நின்று பார்த்திருப்பார்கள்.

கட்டடங்களைப் பொறுத்தவரை, உயரமான எதையும் எதிர்பார்த்துச் செல்பவர்கள் ஏமாறுவார்கள். நிற்பவை பெரும்பாலும் முழங்கால் உயரச் சுவர்களும் அடித்தளங்களும்தான். ஆனால் வரைபடத்தைத் தரையிலேயே விரித்து வைத்ததுபோல் எல்லாம் தெளிவாகத் தெரிவதால், ஒரு துறவியின் அறையிலிருந்து உணவுக்கூடத்துக்கு எத்தனை அடி என்பதை நடந்தே அளக்கலாம். பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்த சைத்தியத்தின் அமைப்பைக் கண்டதும், நம் கோயில்களில் தூங்கானை மாடம் என்று வழங்கும் வடிவம் நினைவுக்கு வந்தது. பெரிய வட்டமாக நிற்கும் மகாஸ்தூபத்தில் இன்று காண்பதில் பெரும்பகுதி பிற்காலத்தில் எடுத்துக் கட்டியதே. 2019இல் பெய்த கனமழையில் அதன் ஒரு பகுதி சரிந்தும் போனது. பழமையைத் தேடிச் செல்பவர்கள் ஸ்தூபத்தின் முன் படம் எடுத்ததோடு திரும்பிவிடாமல், சிறு ஸ்தூபங்களையும் அறைகளையும் சுற்றி வருவது நல்லது.

கடற்காட்சியைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். கிழக்கு விளிம்பில் நின்றால் சாலை ஒரு கோடாகவும் அதற்கு அப்பால் வங்கக்கடல் வானம் வரைக்கும் விரிந்தும் தெரிகின்றன. அலையின் ஓசை எட்டுவதில்லை, காற்று மட்டும் வந்து மோதுகிறது. கலங்கள் வருவதும் போவதும் இங்கிருந்து தெரியும் என்பதால், வணிகரின் கொடையை நம்பி வாழ்ந்த ஒரு துறவியர் சங்கம் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் பக்தியோடு கணக்கும் இருந்திருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

முதியவர்களை அழைத்துச் செல்வோர் மேலே வரை வருவதாக ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசி உறுதிசெய்துகொள்ள வேண்டும். இடிபாடுகளுக்கு நடுவே நிழல் மிகக் குறைவு. தொப்பியும் ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீரும் கட்டாயம் வேண்டும். மழை ஓய்ந்த மாதங்களில், காலை எட்டு மணியளவில் சென்றால் தொட்டிகளில் நீரும் இருக்கும், வெயிலும் சுடாது. இறங்கியதும் எதிரே மங்கமாரிப்பேட்டைக் கடற்கரையில் அலை அரித்து உண்டாக்கிய இயற்கைப் பாறை வளைவு இருக்கிறது. நீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால் அருகில் சென்றே காணலாம்.