கடல் மேடை அதிர்வுச் சோதனை: அலையா, ஷேக்கரா?

கடல் மேடையில் ஏதாவது உறுப்பு அறுந்ததா என்பதை அதன் அதிர்வெண் மாற்றம் காட்டிக்கொடுக்கலாம். கடலடியில் அறைந்த பைல்களில் (தூண்களில்) நிற்கும் இரும்பு ஜாக்கெட் (குழாய்ச் சட்டக) மேடையின் முதல் இயல் அதிர்வெண், அதாவது அது தானாக ஆடும் மிகக் குறைந்த அதிர்வெண், பெரும்பாலும் 0.3 முதல் 1 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். சுழல் எடை ஷேக்கர், அதாவது மையம் விலகிய எடையைச் சுழற்றி மேடையை அசைக்கும் கருவி, தடுமாறும் இடமே இதுதான். அதன் விசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. 4 ஹெர்ட்ஸில் கிடைப்பதில் நூறில் ஒரு பங்குதான் 0.4 ஹெர்ட்ஸில் மிஞ்சும். முழு மேடையை அசைக்க அது போதாது.

அலையும் காற்றும் அதைச் சும்மாவே செய்கின்றன. மேல்தளத்தின் ஒரு மூலையில் இரு திசைக்கும் ஒவ்வொரு சர்வோ முடுக்கமானி (மெதுவான அசைவையும் அளக்கும் உணரி), எதிர் மூலையில் இன்னொன்று. பக்கவாட்டு அசைவையும் முறுக்கத்தையும் பிரிக்க இந்த மூன்றே போதும். பதிவு குறைந்தது ஒரு மணி நேரம் ஓடட்டும். பகுப்பாய்வுக்காகப் பதிவைச் சிறு துண்டுகளாக வெட்டினால், அதிர்வெண் வரைபடத்தில் உச்சி அகன்று, தணிப்பு (அதிர்வு அடங்கும் அளவு) மிகையாகத் தெரியும். ஜெனரேட்டர் தரும் ஊசி போன்ற உச்சியை மேடையின் அதிர்வெண் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆனால் அலையின் விசை நமக்குத் தெரியாது. விறைப்பை நேரடியாக அளவிட ஷேக்கரே வேண்டும். ஃபிளேர் பூம் (எரிவாயுவை எரிக்க வெளியே நீட்டிய சட்டகம்), குழாய்த் தாங்கி போன்ற உறுப்புகளுக்கு அதுவே பொருத்தம்.

எதைச் செய்தாலும் டேங்க் மட்டங்களைக் குறித்துவையுங்கள். மேல்தள எடை 2% கூடினாலே அதிர்வெண் ஏறக்குறைய 1% இறங்கும். எக்ஸ் வடிவப் பிணைப்பில் ஒரு குழாய் அறுந்ததன் அடையாளம் அதற்குள் ஒளிந்துவிடக்கூடும்.