காட்டுத்தீ: பார்த்தவுடன் அணைப்பதா, முன்கூட்டியே எரிப்பதா, ஊரைச் சேர்த்துக்கொள்வதா?

மாசி பிறந்துவிட்டால் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துப் பேரையூர், சாப்டூர், வத்திராயிருப்பு பக்கத்து ஆட்கள் ராத்திரியில் மேற்கே திரும்பிப் பார்ப்பது வழக்கம். மலைச்சரிவில் சிவப்பாக ஒரு கோடு மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். மறுநாள் டீக்கடையில் பாதிப் பேர் வனத்துறையைத் திட்டுவார்கள், மீதிப் பேர் ஆடு மாடு மேய்ப்பவர்களைத் திட்டுவார்கள். என்ன செய்திருக்கலாம் என்ற பேச்சு மட்டும் வராது. நம் மலைகளுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. தீ தெரிந்தவுடன் ஓடிப்போய் அணைப்பது ஒன்று. கோடைக்கு முன்பே வனத்துறை, தீ தாண்டாதபடி வெறுந்தரையாகத் தீத்தடுப்புக் கோடு போட்டு, காய்ந்த புல்லை எரித்துவைப்பது இன்னொன்று. அடிவார ஊர்களையும் மலையில் வாழும் பளியர் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்த்துக்கொண்டு வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்வது மூன்றாவது. என் ஓட்டு மூன்றாவதற்குத்தான், ஆனால் எல்லாக் காட்டுக்கும் இல்லை.

முதலில் இடத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். அதற்குள்ளேயே அடிவாரத்தில் முள்காடு, அதற்கு மேலே இலையுதிர் காடு, சரிவுகளில் புல், மேகமலை உச்சியில் பசுமைமாறாக் காடு என்று எல்லாம் இருக்கிறது. வேங்கை, நெல்லி மாதிரி மரங்கள் லேசான தரைத்தீயைத் தாங்கிக்கொள்ளும். உச்சியில் இருக்கிற சோலைக்காட்டு மரங்களுக்குப் பட்டை மெல்லிசு, ஒரு முறை தீ உள்ளே புகுந்தாலே பெரிய நஷ்டம். ஓடையோரத்து மருதமும் புளியும் மாவும் கிளையோடு கிளை பின்னி நிற்பதால்தான் சாம்பல் நிற அணில் தரையில் இறங்காமலே போய்வருகிறது. தீயில் நடுவே நாலு மரம் போனாலும் அந்தப் பாதை அறுந்துவிடும். அதனால் சோலையிலும் ஓடையோரத்திலும் பேச்சே இல்லை, பார்த்தவுடன் அணைக்க வேண்டியதுதான். முதல் வழி அங்கே முழுக்கச் சரி.

அதே கொள்கையைக் கீழே உள்ள புல் சரிவுகளுக்கும் இலையுதிர் காட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு நீட்டுவதுதான் சிக்கல். வருடா வருடம் அணைத்துக்கொண்டே வந்தால் சருகும் புல்லும் சேர்ந்துகொண்டே போகும், அப்புறம் ஒரு வருடம் பற்றும்போது யாராலும் அணைக்க முடியாது. கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடிகள் கோடை முற்றுவதற்கு முன்பே சருகை மட்டும் லேசாக எரித்துவிடும் பழக்கம் வைத்திருந்தார்கள், ‘தரகு பெங்கி’ என்பார்கள். 1970-களில் அது சரணாலயமானபோது அந்தப் பழக்கத்தைத் தடுத்தார்கள். அதன் பிறகு உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து காட்டை மூடியது, நெல்லி மரங்களில் புல்லுருவி அதிகமானது என்று அந்த ஊர்க்காரர்களே சொல்கிறார்கள், ஆராய்ச்சியாளர்களும் அதை எடுத்து விவாதித்திருக்கிறார்கள். உண்ணிச்செடி மண்டிய இடத்தில் தீ தரையோடு நிற்காது, செடியைப் பிடித்து மரத்துக்கு ஏறும். நம் அடிவாரங்களிலும் அந்தச் செடி இருக்கிறது.

இன்னொன்று, மலையில் அணைப்பது என்றால் என்ன என்று ஊருக்குள் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. தீயணைப்பு வண்டி அடிவாரத்தோடு நின்றுவிடும், தண்ணீரும் மேலே போகாது. பச்சைத் தழையை ஒடித்து, புகையில் கண் எரிய எரிய, தீயின் ஓரத்தை அடித்து அடித்து அணைக்கிறார்கள். இப்போது சில இடங்களில் முதுகில் மாட்டும் ஊதும் மெஷின் வந்திருக்கிறது, சருகை ஊதித் தள்ளி வெறுந்தரை ஆக்குவதற்கு. பகலில் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறும், தீயும் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சிக்கொண்டு அதோடு ஏறும், அந்த நேரத்தில் தீக்கு மேற்புறம் நிற்பதைப்போல ஆபத்து வேறில்லை. 2018 மார்ச் 11-ல் போடிக்கு மேலே குரங்கணியில் மலையேறப் போனவர்களைத் தீ சூழ்ந்துகொண்டது, 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆளுயரக் காய்ந்த புல்லில் தீ ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடு கொடுக்காது. அணைப்பதை மட்டுமே நம்பியிருப்பது அணைக்கப் போகிறவர்களுக்கும் ஆபத்து.

சரி, இரண்டாவது வழி. தை மாதத்தில் புல் காயத் தொடங்கியிருக்கும், முழுக்கக் காய்ந்திருக்காது. அப்போது முகட்டிலும் பாதையோரத்திலும் இரண்டு பக்கமும் புல்லைச் செதுக்கி, நடுவில் இருப்பதைக் காலைப் பனி ஈரம் முழுசாக விடுவதற்குள், காற்று எழும்புவதற்குள் எரித்து முடிப்பார்கள். இரண்டு பக்கமும் தழையோடு ஆள் நிற்பார்கள். ஒழுங்காகச் செய்தால் இதைப்போலப் பலன் தரும் வேலை இல்லை, பெரிய தீ வந்து அந்த வெறுங்கோட்டில் முட்டி நின்றுவிடும், குறைந்தபட்சம் அணைக்கப் போகிறவர்களுக்கு நிற்க ஓர் இடமாவது கிடைக்கும். ஆனால் காலம்தான் எல்லாம். வடகிழக்குப் பருவமழை பின்தங்கி முடிந்த வருடத்தில் மார்கழியில் செதுக்கினால் திரும்ப முளைத்துவிடும், பணம் வரட்டும் என்று மாசி வரை காத்திருந்தால் கோடு போட வைத்த தீயே கைமீறிப் போகும். மேலே எங்கே பாறை, எங்கே பள்ளம், எந்த இடுக்கில் காற்று திரும்பும் என்று தெரியாத கூலியாட்களை வண்டியில் ஏற்றிவந்து செய்தால் சுலபமான இடத்தில் மட்டும் கோடு விழும். காட்டுக்கோழியும் பக்கிக்குருவியும் தரையில் முட்டையிடும் காலமும் இதையொட்டித்தான் வருகிறது. ஒரு சரிவை மொத்தமாக எரிக்காமல் துண்டு துண்டாக எரிப்பதற்கு அந்த இடத்தை அறிந்தவர் கூட இருந்தாக வேண்டும்.

அங்கேதான் மூன்றாவது வழி முந்துகிறது. தேனெடுக்கவும் கிழங்கு தோண்டவும் போகிற பளியர்களுக்கு அந்த மலை மனப்பாடம். சாப்டூர் வனச்சரக அலுவலகத்திலிருந்து ஒரு குழு மேலே ஏறிச் சேர மணிக்கணக்காகும், அங்கேயே இருப்பவர் தீ குழந்தையாக இருக்கும்போதே அடித்துவிடுவார். இது புதுசாக நான் சொல்வதும் இல்லை. கூட்டு வன மேலாண்மைக்கான மத்திய அரசின் சுற்றறிக்கை 1990-லேயே வந்தது, தமிழ்நாட்டில் 1997-ல் காடு வளர்ப்புத் திட்டத்தோடு கிராம வனக்குழுக்கள் வந்தன, 2006 வன உரிமைச் சட்டம் சமூக வன வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராமசபைக்கு உரிமையே தருகிறது. குறை எங்கே என்றால், திட்டப் பணம் இருக்கும்வரை குழு இருக்கும், பணம் நின்றால் பலகை மட்டும் இருக்கும். தீத்தடுப்புக் காவலராக மூன்று நான்கு மாதம் வேலை பார்ப்பவருக்குக் கூலி தாமதமாகக் கிடைத்தால் அடுத்த வருடம் அவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார். அவரோடு அந்த மலையறிவும் போகும். இந்த வழியை ஆதரிக்கிறவர்கள் முதலில் சண்டை போட வேண்டியது இந்தக் கூலிக்காகத்தான்.

மேய்ச்சல்காரர்கள் விஷயம் இன்னும் கடினம். புதுப்புல் துளிர்க்கட்டும் என்று தீ வைப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்க முடியாது. ஆனால் மலைமாடுகள் மேய்ந்த சரிவில் எரிவதற்கான புல்லும் குறைவாகத்தான் இருக்கும். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவுக்குச் சுருக்கியது. காப்பகத்தின் உட்பகுதியில் அது நியாயம், மாட்டிலிருந்து காட்டு விலங்குகளுக்கு நோய் பரவும் அபாயம் உண்டு. வெளிவட்டக் காடுகளிலாவது மாட்டுக்கிடை போடும் மேய்ச்சல்காரர்களோடு உட்கார்ந்து, எந்தச் சரிவை எப்போது மேய்ப்பது, எதைத் தையில் எரிப்பது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். விரட்டப்பட்டவர் தீயைப் பார்த்தாலும் யாருக்கும் போன் போட மாட்டார்.

சதுரகிரி மலைக்கோயிலுக்கு அமாவாசை, பௌர்ணமிக்குப் போகிறவர்களும் இந்தக் கணக்கில் வருவார்கள். தீ பரவினால் அடிவாரத்துத் தாணிப்பாறை கேட்டை மூடுகிறார்கள், மூடத்தான் வேண்டும், கோபப்படாதீர்கள். கற்பூரத்தையும் பீடியையும் வழியில் பற்றவைக்காமல் இருந்தால் பாதிப் பிரச்சினை குறையும்.

செயற்கைக்கோள் வந்துவிட்டதே, இனி ஊர் ஆட்கள் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். டேராடூனில் உள்ள இந்திய வன அளவாய்வு நிறுவனம் 2004 முதல் எச்சரிக்கை அனுப்புகிறது, நல்ல விஷயம். ஆனால் அது நம்பியிருப்பது செயற்கைக்கோளில் இருக்கும் கருவிகளை; விர்ஸ் என்ற கருவியின் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 375 மீட்டர் அகலம், மோடிஸ் என்ற கருவிக்கு ஒரு கிலோமீட்டர். விர்ஸைச் சுமக்கும் சுவோமி என்பிபி செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலே வருவது பிற்பகல் ஒன்றரை சுமாருக்கும் நள்ளிரவு தாண்டி ஒன்றரை சுமாருக்கும். மூன்று மணிக்குப் பற்றிய தீ மரநிழலுக்குள்ளேயே ஊர்ந்தால், அந்தக் கண்ணில் படும்போது ஒரு சரிவு போயிருக்கும். ஆனாலும் அந்தக் குறுஞ்செய்தியைப் பெற வனத்துறையில் இருக்க வேண்டியதில்லை, பொதுமக்களும் அவர்கள் தளத்தில் மொபைல் எண்ணைக் கொடுத்துத் தங்கள் பகுதியைப் பதிவு செய்துகொள்ளலாம். அடிவார ஊர் ஒவ்வொன்றிலும் இரண்டு இளைஞர்கள் பதிவு செய்து, செய்தி வந்தவுடன் மேலே இருக்கும் குடியிருப்புக்குக் கூப்பிட்டுக் கேட்டு, சரகத்துக்கும் சொல்லிவிட்டால், வானத்துக் கண்ணும் மலையடிவாரத்துக் காலும் ஒன்று சேர்ந்துவிடும். தை முடிவதற்குள் செய்துவிடுங்கள்.